மணப்பாடு வரை ஒரு விரல்

சகாயமேரி இடது கை ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக்கொண்டே நடந்தாள்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் அப்போது சரியாக விடியவில்லை. எனக்குப் பத்தடி முன்னால் அவள் போய்க்கொண்டிருந்தாள். தோளில் ஒரு துணிப்பை, காலில் செருப்பு இல்லை. தூக்கிய விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. அது பனியன் காலருக்கு வைக்கிற ரிப் துணி. இருபது வருஷம் பனியன் கம்பெனியில் குப்பை கொட்டியவளுக்கு அது இருட்டிலும் தெரியும்.

"ஏங்கண்ணு, கையை எறக்கித்தான் நடவேன். பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றேன்.

"எறக்குனா விண்ணு விண்ணுன்னு தெறிக்கிக்கா. தூக்கி வச்சிருந்தா கொஞ்சம் தேவல."

சொல்லிவிட்டு அவள் நடந்தாள். நான் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

இந்தத் தொடரில் நான் என்னுடைய சாமர்த்தியங்களையே அடுக்கிக்கொண்டு போகிறேன் என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான புகார்தான். இந்த வாரம் அந்தக் குறை தீரும்.

கையைத் தூக்கினால்

திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் நான் வேலை செய்த கம்பெனியில் ஒரு தையல் லைனுக்கு நான் சூப்பர்வைசர். முப்பத்தைந்து மெஷின். பொங்கலூரில் காடும் தோட்டமுமாக வளர்ந்தவள் இத்தனை பேரை மேய்ப்பேன் என்று எங்கள் ஊட்டுக்காரர்கூட நினைத்ததில்லை.

வெளிநாட்டுக்குப் போகிற துணியில் ஊசி விஷயம் ரொம்பக் கறார். தைக்கும்போது ஊசி உடைந்தால் டெய்லர் அப்படியே மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சூப்பர்வைசர் போய்ப் பார்க்க வேண்டும்.

உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒரு முழு ஊசியின் பக்கத்தில் வைத்து நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். சரியாக இருந்தால் நீடில் புக்கில் தேதி போட்டு, துண்டுகளை செலோ டேப்பால் ஒட்டிக் கையெழுத்துப் போடுவோம். அதற்குப் பிறகுதான் புது ஊசி.

ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினில் இருந்த துணிக்கட்டு மொத்தமும் ஓரம்கட்டப்படும். எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் கழுத்தில் அந்த முனை குத்திவிடக் கூடாது என்பதற்காக இத்தனை பாடு. குழந்தைச் சட்டை தைக்கிறவர்கள் நாங்கள். அந்த விதி சரியான விதி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

என் நீடில் புக்கில் 'கிடைக்கவில்லை' என்று ஒரு பக்கம் கிடையாது. பக்கத்து லைன்களில் உண்டு. என்னிடம் கிடையாது. புதிதாகச் சேர்கிறவர்களிடம் அந்தப் புத்தகத்தை விரித்துக் காட்டுவேன். எனக்கு அதில் கொஞ்சம் கொழுப்பு.

நான் ஒட்டிய முனை

கடற்கரை நடைக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு மத்தியானம், சகாயமேரி கையைத் தூக்கினாள்.

அவள் ஓவர்லாக் டெய்லர், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிறவள். மணப்பாட்டுக்காரி. புருஷன் இறந்த பிறகு ஒரு பெண்பிள்ளையோடு திருப்பூருக்கு வந்தவள். அந்தப் பிள்ளை அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தது. வேலையில் கெட்டிக்காரி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

போய்ப் பார்த்தேன். ஊசி நுனிக்குக் கொஞ்சம் மேலே முறிந்திருந்தது. மேல்துண்டு மெஷினிலேயே நின்றது. கீழ் முனையைக் காணோம். அவள் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"குத்திருச்சா?" என்றேன்.

"லேசா உரசிட்டுக்கா. ஒண்ணுமில்ல."

"துணியில ரத்தம் படலையே?"

அப்படித்தான் கேட்டேன். துணியில் படவில்லை என்றாள். சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் தேட ஆரம்பித்தோம். காந்தக் கட்டையைத் தரையெல்லாம் உருட்டினோம். மெஷினுக்குள் கழிவுத் துணி விழுகிற டப்பாவைக் கொட்டினோம். கையில் பிடிக்கிற சின்ன மெட்டல் டிடெக்டர் ஒன்று உண்டு, அதைத் துணிக்கட்டின் ஒவ்வொரு பீஸ் மேலும் ஓட்டினேன். என் சேலை மடிப்பில் ஓட்டினேன். பக்கத்து டெய்லரின் கொண்டையில்கூட ஓட்டிப் பார்த்தேன். அது ஒரு தடவையும் கத்தவில்லை.

வெளியே கன்டெய்னர் நின்றது. அந்த ஆர்டரின் கடைசிக் கட்டுகள் அவை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் மேஜையில் பழைய உடைந்த ஊசிகள் போட்டு வைக்கிற தகர டப்பா ஒன்று இருந்தது. அதிலிருந்து ஏறக்குறைய அதே நீளத்தில் ஒரு முனையை எடுத்தேன். நீடில் புக்கில் ஒட்டினேன். கையெழுத்துப் போட்டேன்.

"கெடச்சிருச்சு" என்று சொன்னேன்.

"நல்லவேளக்கா" என்று சகாயமேரி மூச்சு விட்டாள். விரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு புது ஊசி வாங்கித் தைக்க உட்கார்ந்தாள்.

கன்டெய்னரில் ஏறுவதற்கு முன்னால் எல்லாப் பெட்டியும் பெரிய மெட்டல் டிடெக்டர் வழியாகப் போனது. அதுவும் கத்தவில்லை. துணியில் இல்லை என்று உறுதியாகிவிட்டது, பாவம் எதுவும் செய்யவில்லை என்று அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றேன்.

துணியிலும் இல்லை, தரையிலும் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கும்? இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. நான் துணியைத் தேடியே பழகியவள்.

இடது கன்னத்தில் வெயில்

சகாயமேரி வருஷா வருஷம் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போவாள். அவர்கள் மாதா கோயிலையும் கோயில் என்றுதான் சொல்வார்கள். திருச்செந்தூர் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து மணப்பாடு வரைக்கும் கடல் ஓரமாகவே நடந்துபோவது அவள் நேர்ச்சை. புருஷன் படகு திரும்பாத வருஷத்தில் ஆரம்பித்ததாம். எதற்காக என்று கேட்டால், "அந்தப் பக்கமாத்தான் கரையேறுவாவன்னு ஒருத்தர் சொன்னாவ. பாத்துக்கிட்டே நடந்தேன். அப்படியே பழகிட்டு" என்பாள்.

லைனில் எல்லோரையும் விளையாட்டாகக் கூப்பிடுவாள். "வாங்கக்கா, ஒரு ஷிப்ட்டு தூரந்தான்." அந்த வருஷம் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் ஆச்சரியப்பட்டாள். நீடில் புக்கில் ஒட்டிய பொய்யை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே எங்காவது வைத்துச் சொல்லிவிட்டால் லேசாகும் என்று நினைத்தேன். அவள் விரல் வீக்கத்துக்கும் என் பொய்க்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது தோன்றவே இல்லை.

திருச்செந்தூரில் சாமி கும்பிட்டேன். அவள் வெளியே மணலில் உட்கார்ந்திருந்தாள். நாழிக்கிணற்றில் இறங்கி ஒரு கை தண்ணீர் குடித்தேன். கூப்பிடு தூரத்தில் கடல், கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. "எங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு இருக்குக்கா, கடல ஒட்டுன குகைக்குள்ள" என்றாள் சகாயமேரி. ஊர்ப் பெருமையில் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

தெற்கே பார்த்து நடந்தோம். கடல் இடது பக்கம். வெயிலும் இடது பக்கமே. அன்று மாலை கண்ணாடியில் பார்த்தபோது என் இடது கன்னம் மட்டும் கறுத்திருந்தது.

ஈர மணலில் நடந்தால் கால் புதையாது, ஆனால் அலை வந்து நனைக்கும். மேட்டு மணலில் நடந்தால் நனையாது, ஆனால் ஓரடி வைத்தால் அரையடிதான் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதில் நடக்க சகாயமேரிக்குத் தெரிந்திருந்தது. அவள் கால் வைத்த இடத்திலேயே நானும் வைத்தேன்.

கடல் பச்சையாக இருந்தது, கொஞ்ச தூரத்தில் நீலமாக, அதற்கும் அப்பால் சாம்பலாக. ஓடுகிற தண்ணீரில் நிறத்தைப் பார்த்தால் எந்தச் சாயப்பட்டறை என்று கேட்கிற ஊர்க்காரி நான். இந்த நிறத்துக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. நின்று பார்த்தேன்.

"வாங்கக்கா, வெயில் ஏறிரும்" என்று விரல் முன்னால் போனது.

ஆலந்தலை டீ

ஆலந்தலையில் படகுகள் கரையேறி நின்றன. ஒருவர் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த டி-சர்ட்டில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தின் பெயர். தோள் தையல் கோணல். எங்கள் பக்கத்தில் தள்ளுபடியான சரக்கு ஒன்று இத்தனை தூரம் வந்து வலை பின்னுகிறது. கிட்டப் போய்த் தையலைத் தொட்டுப் பார்க்காத குறை.

"அக்கா, அவரு என்ன நெனப்பாரு!" என்று சகாயமேரி சிரித்தாள். அந்த நடையில் அவள் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டம்ளரை இடது கையால் பிடிக்க முடியாமல் வலது கையில் வாங்கினாள். துணியை அவிழ்த்துக் காட்டினாள். விரல் நுனிக்குக் கீழே சிவந்து, பளபளவென்று, இரண்டு விரல் தடிமனுக்கு வீங்கியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"டாக்டருகிட்ட காட்டுனியா?"

"ரெண்டு தடவ போயாச்சு. மாத்திர குடுத்தாவ. வத்துது, மறுபடி வீங்குது. மொத தடவ போனப்பவே கேட்டாவ, ஊசி முறிஞ்சு உள்ள இருக்கான்னு. படம் எடுப்போமான்னும் கேட்டாவ."

"நீ என்ன சொன்னே?"

"இல்ல டாக்டர்ன்னேன். முறிஞ்ச முன கெடச்சிட்டு, எங்க ஈஸ்வரியக்கா புக்குல ஒட்டி வச்சிருக்காவ, என் கண்ணால பாத்தேன்னேன். ஒரு நாள் சம்பளத்தப் போட்டுப் படம் எடுப்பானேன்? அவிய புக்குல தப்பே வராதுன்னு வேற சொன்னேன்."

கையில் இருந்த டீ ஆறிப்போகும்வரை நான் குடிக்கவில்லை.

முனை எங்கே இருக்கிறது என்று எனக்கு அந்த பெஞ்சில்தான் தெரிந்தது. என் கையெழுத்தை நம்பி இந்தப் பெண் மூன்று வாரமாக ஒரு இரும்புத் துண்டைச் சதைக்குள் வைத்துக்கொண்டு தைத்திருக்கிறாள். அவளுக்கு விரல்தான் சோறு. இடது ஆள்காட்டி விரல் இல்லாமல் ஓவர்லாக்கில் துணியை நடத்த முடியாது. மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீக்கடையில் ஆள் இருக்கிறார்கள், கொஞ்சம் தள்ளிப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி எனக்கு அன்றைக்குத் தெரிந்த விஷயங்களில் அதுவும் ஒன்று.

குலசை வரை சொல்லாதது

கொஞ்சம் தள்ளிப் போனோம். அங்கே அலைச் சத்தம் அதிகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனோம். ஒரு அனல்மின் நிலையத்துக்காகக் கடலுக்குள் நீளமாக மேடை போட்டிருந்தார்கள். கரையோரம் வேலி. சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஏறி மறுபடி இறங்கினோம். ரோட்டில் வண்டிச் சத்தம். இப்படி எனக்கு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு காரணம் கிடைத்தது.

சகாயமேரி பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் முன்பு கப்பல்கள் வந்து நிற்குமாம். பதநீரிலிருந்து சீனி எடுக்கிற ஆலை ஒன்று இருந்ததாம். அதற்காகவே சின்ன ரயில் ஒன்று ஓடியதாம். தண்டவாளம் எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் எப்பமோ பேத்து எடுத்துட்டாவ. இப்ப ராக்கெட் விடப் போறாவளாம்" என்றாள். எதைச் சொன்னாலும் ஒரே குரலில் சொல்வாள்.

குலசையில் அம்மன் கோயில் பக்கம் நிழலில் கட்டுச்சோறு பிரித்தோம். தசரா சமயத்தில் ஜனங்கள் நேர்ந்துகொண்டு ராஜா, குறவன், போலீஸ் என்று வேஷம் கட்டிக்கொண்டு வருவார்களாம். அவள் ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாளாம். நிஜப் போலீஸ் யார், வேஷப் போலீஸ் யார் என்று தெரியாமல் வேஷக்காரரிடம் போய் வழி கேட்டாளாம். அவரும் மிடுக்காக வழி சொன்னாராம்.

நான் சிரிக்கவில்லை. "ஏன்க்கா, கால் வலிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய்க்கு மேல் பொய்.

எங்கள் பிரிவில் ஒருவர் மேல் ஒருவர் கோபம் என்றால் சத்தம் போட்டு அரை மணியில் தீர்த்துக்கொள்வோம். மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் கிடையாது. எப்படி ஆரம்பிப்பது என்பதே தெரியவில்லை.

குலசை தாண்டியபின் ஆளே இல்லாத கரை. பனைகளும் முள்ளும் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். தூரத்தில் மணப்பாட்டு மணல் குன்று தெரிந்தது. அதன் மேல் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம். அவள் விரல் அதற்கு நேராக நின்றது. நடக்க நடக்க எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. லைனில் ஊசி உடைந்தால் இப்படித்தான் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் போய்ப் பார்க்கிற வரைக்கும்.

கழியில் நின்றது

ஊருக்கு முன்னால் ஆறு கடலில் சேருகிற கழி ஒன்று குறுக்கே வந்தது. மணல் அடைத்து, தண்ணீர் முழங்கால் அளவுதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினோம். நடுவில் வழுக்கியது. சகாயமேரி சாய்ந்தாள். விழாமல் இருக்க என் தோளை இடது கையால் பிடித்தாள். விரல் மோதிவிட்டது. "அம்மா!" என்று அலறினாள். அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

தண்ணீரிலேயே நின்றேன்.

"கண்ணு, அந்த முனை கெடைக்கல" என்றேன்.

"எது?"

"உன்ற ஊசி. நான் டப்பாவுல இருந்து வேற ஒரு முனையை எடுத்து ஒட்டிப்போட்டேன். கெடச்சிருச்சுன்னு பொய் சொன்னேன். அது உன்ற வெரலுக்குள்ளதான் இருக்குது சாமி. நீ டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னது என்னாலதான்."

அவள் என் தோளிலிருந்து கையை எடுத்தாள். விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். காலுக்கடியில் மணல் அரித்துக்கொண்டிருந்தது.

"எல்லாத் துணியவும் அந்த மிஷின வச்சுப் பாத்தீங்க" என்றாள் கடைசியில். "பக்கத்துல இருந்தவ கொண்டையக்கூடப் பாத்தீங்க. என் கையில ஒரு தடவ வச்சிருக்கலாமேக்கா."

கரைப் பக்கம் திரும்பி ரோடு எங்கே என்று பார்த்தேன்.

"நேரா ஆஸ்பத்திரிக்குப் போலாம். ரோட்டுக்கு ஏறு. வண்டி பிடிக்கறேன்" என்றேன்.

"நேர்ச்சைய முடிக்காம எங்கயும் வர மாட்டேன்."

"வெரல் போயிரும் கண்ணு."

"மூணு வாரமா உள்ள கெடந்த இரும்பு இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கும். நடங்க."

அதற்குப் பிறகு அவள் அக்கா என்று கூப்பிடவில்லை.

குன்றின் மேல்

மணப்பாட்டைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. பெரிய பெரிய பழைய வீடுகள், உப்புக்காற்றில் அரித்த தூண்கள், கடலைப் பார்த்த ஜன்னல்கள். இலங்கைக்கு வியாபாரம் போனவர்கள் கட்டியவை என்றார்கள். குன்றின் கடலோரச் சரிவில் அந்தக் குகையும் நல்ல தண்ணீர்க் கிணறும் இருந்தன. வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் நான் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டிருப்பேன்.

சகாயமேரி குன்றில் ஏறி, கோயில் வாசலில் முட்டி போட்டாள். விரல் மேலேயே இருந்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

அவள் தம்பி சேவியர் எங்களுக்காக அங்கே காத்திருந்தார். மீன்பிடிக்கிறவர். அக்கா முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று தெரிந்து, என்னிடம் பேச்சுக் கொடுத்தார். ரொம்பக் காலம் முன்பு புயலில் மாட்டிய ஒரு கப்பல்காரர், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து, பிழைத்துக் கரையேறி இங்கே நட்டாராம். அதுதான் இந்தக் கோயிலின் ஆரம்பம் என்று ஊரில் சொல்வார்களாம்.

"முறிஞ்ச மரம் மொத்தமும் கரைக்கு வந்துருச்சுங்களா?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "அது தெரியலியேம்மா" என்றார்.

சகாயமேரி எழுந்து வந்தாள். "சேவியர், உடன்குடிக்கு ஒரு ஆட்டோ சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போணும்" என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். "ஊசி ஏறிட்டு" என்று அவளே முடித்துவிட்டாள். தம்பியிடம் என் பெயரை அவள் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவள் என்னைத் திட்டியிருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

சின்ன வெள்ளைக் கோடு

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சாம்பல் நிற விரலுக்குள் ஒரு சின்ன வெள்ளைக் கோடு. எலும்பை ஒட்டிச் சாய்வாகக் கிடந்தது. ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் நீளம்.

"எத்தனை நாளா இருக்கு? முன்னாடியே எடுத்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா.

"தெரியாம இருந்துட்டேன்மா" என்றாள் சகாயமேரி.

மரத்துப் போகிற ஊசி போட்டுக் கீறி எடுத்தார்கள். நான் உள்ளே போகவில்லை. வராந்தாவில் நின்றேன். சத்தம் எதுவும் வரவில்லை. சத்தம் வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. செருப்பில் ஒட்டியிருந்த மணல் காய்ந்து உதிர்ந்துகொண்டே இருந்தது. என் வாழ்க்கையில் நான் அழுத இடங்கள் குறைவு. அந்த வராந்தா அதில் ஒன்று.

கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தாள். விரலில் பெரிய கட்டு. வலது கையில் ஒரு சின்ன மருந்து பாட்டில். உள்ளே பஞ்சு, பஞ்சில் கறுத்துப்போன முனை.

என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. கொண்டுபோய் ஒட்டுங்க" என்றாள்.

அந்தப் பக்கம்

திருவிழாவுக்கு நான் நிற்கவில்லை. மறுநாள் திருப்பூர் வந்ததும் வராததுமாகக் கம்பெனிக்குப் போனேன்.

நீடில் புக்கைத் திறந்தேன். டேப்பைப் பிரித்தபோது தாளும் கொஞ்சம் உரிந்து வந்தது. பொய் முனையை எடுத்துவிட்டு, பாட்டிலில் இருந்ததை மேல்துண்டின் கீழே வைத்தேன். பக்கத்தில் ஒரு முழு ஊசி. நீளம் சரியாக இருந்தது. ஒட்டினேன். கீழே நடந்ததை எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார்.

"ஏனுங்க்கா, இதை நீங்க சொல்லாமயே விட்டிருக்கலாமே. யாருக்குங்க தெரியப்போகுது?"

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமுங்க" என்றேன்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. சூப்பர்வைசர் பொறுப்பை எடுத்துவிட்டு செக்கிங் டேபிளில் போட்டார்கள். அந்தப் புத்தகத்தில் மற்ற எல்லாப் பக்கமும் நிஜம்தான் என்று சொன்னேன். யாரும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை, நம்பவும் இல்லை. ஒவ்வொரு பக்கமாக அளந்து பார்த்தார்கள். அளக்கும்போது என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். சகாயமேரியின் வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. என் பங்குக்கு நான் நல்லதாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

ஒரு காரியம் மட்டும் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டேன். இனி ஊசி உடைந்தால் அந்தச் சின்ன டிடெக்டரை முதலில் டெய்லரின் கையில் ஓட்ட வேண்டும், அதற்கு அப்புறம்தான் துணி. சரி என்றார். இப்போது எல்லா லைனிலும் அப்படித்தான்.

ஒன்றரை மாதம் கழித்து சகாயமேரி வேலைக்குத் திரும்பினாள். விரல் பிழைத்துவிட்டது, ஆனால் நுனிக் கணு மடங்கவில்லை. துணியை நடு விரலால் நடத்தப் பழகிக்கொண்டாள். முன்பு மணிக்கு எத்தனை தைத்தாளோ அதில் கொஞ்சம் குறைவுதான். தினமும் என் டேபிளைத் தாண்டித்தான் போவாள். என்னிடம் பேச மாட்டாள். நானும் வலியப் போய்ப் பேசவில்லை. அவள் தைத்த கட்டு என் டேபிளுக்கு வரும். பார்ப்பேன். தப்பு இருக்காது. அடுத்த கட்டை எடுப்பேன்.

மழைக்காலம் போனது. பிறகு ஒரு நாள், சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, லைனின் நடுவில் ஒரு கை உயர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சகாயமேரி.

புதுச் சூப்பர்வைசர் தம்பி ஒரு கையில் நீடில் புக்கும் ஒரு கையில் டிடெக்டருமாக ஓடினார். நல்ல பையன், என்னைவிடப் பொறுமைசாலி. டிடெக்டரை அவள் கைக்குக் கொண்டுபோனார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"புக்க நீங்க எழுதுங்க தம்பி" என்று அவள் சொன்னது மெஷின் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. "கைய ஈஸ்வரியக்கா வந்து பாக்கட்டும்."

எழுந்து போனேன். டிடெக்டரை வாங்கி ஓட்டினேன். கத்தவில்லை. அதை வைத்துவிட்டு அவள் கையை என் கைக்குள் எடுத்து, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டேன். மடங்காத விரலை இரண்டு தடவை பார்த்தேன்.